இலவசம், விலையில்லா, உரிமை: வரிப்பணம் பற்றிய மூன்று சொற்கள்

தமிழகத்தின் பொது உரையாடலில் 'எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்கு இலவசமா?' என்னும் கேள்வியைப் போல் எளிதில் கோபத்தைக் கிளர்த்தும் கேள்வி வேறொன்று இல்லை எனலாம். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் மண்டி முதல் தேநீர்க் கடை வரை இது கேட்கப்படுகிறது. நியாய விலைக் கடையின் வரிசை, பெண்கள் கட்டணமின்றி ஏறிய நகரப் பேருந்து, மாதந்தோறும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த தொகை என இதற்கான சந்தர்ப்பங்கள் பல. கேட்பவர் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். பலர் உழைத்துப் பொருளீட்டியவர்கள். ரமலானில் கணக்கிட்டு ஸகாத் கொடுப்பவர்கள்.

எனினும் இக்கேள்விக்குள் ஆராயப்படாத இரண்டு முடிவுகள் மறைந்துள்ளன. வரி செலுத்துவோர் ஒரு கூட்டம், அரசின் உதவியைப் பெறுவோர் வேறொரு கூட்டம் என்பது ஒன்று. பெறுவோர் பெறுவது பிச்சை என்பது மற்றொன்று. 2019 நவம்பர் 28 அன்று வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பத்தூரின் தோல் தொழில் வட்டாரத்தை முன்னிறுத்தி இவ்விரு முடிவுகளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொற்கள் கடந்து வந்த வழி

ஒரு பொருளுக்கு அரசு இடும் பெயரே அதைப் பெறுபவரைப் பற்றிய மதிப்பீடாக அமைந்துவிடுகிறது. 2006 தேர்தலை ஒட்டி அறிவிக்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்திற்கு 'இலவசம்' என்பதே பெயர். 2011இல் ஆட்சி மாறியபோது அரிசி, மடிக்கணினி, மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றுக்கு 'விலையில்லா' என்னும் அடைமொழி இடப்பட்டது. 2023 செப்டம்பர் 15 அன்று குடும்பத் தலைவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டபோது அதற்கு 'மகளிர் உரிமைத் தொகை' எனப் பெயர் சூட்டப்பட்டது. தொடக்கத்தில் 1 கோடியே 6 இலட்சம் பெண்கள் தெரிவு செய்யப்பட்டனர். ஊதியமின்றிப் பெண்கள் வீட்டில் செய்யும் உழைப்புக்கான ஏற்பு இது என அரசு விளக்கம் தந்தது.

இலவசம், விலையில்லா, உரிமை ஆகிய மூன்று சொற்களும் பதினேழு ஆண்டுகளுக்குள் அரசின் மொழியில் இடம்பெற்றன. மக்களின் பேச்சிலோ முதற் சொல்லே நிலைத்துவிட்டது. 2022 ஜூலையில் பிரதமர் இத்தகைய வழங்கல்களை 'ரேவ்டி' என்னும் இனிப்புப் பண்டத்தின் பெயரால் கண்டித்தபோது அச்சொல்லே நாடெங்கும் விவாதப் பொருளாயிற்று. இவ்விவாதம் நீதிமன்றத்திற்குப் புதிதன்று. தமிழகத்தின் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் அறிக்கையில் இடம்பெறும் இத்தகைய வாக்குறுதி சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என அது கூறியது. அதே வேளையில், தேர்தல் அறிக்கைகளுக்கான நெறிமுறைகளை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2022 ஆகஸ்டில் இப்பிரச்சினை மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது.

ஒரு காலத்தில் வீண் செலவு என ஏசப்பட்டது பின்னர் உரிமையாக ஏற்கப்பட்டதற்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. 1982 ஜூலை 1 அன்று விரிவுபடுத்தப்பட்ட சத்துணவுத் திட்டத்தை அரசுக் கருவூலத்தைக் கரைக்கும் கவர்ச்சித் திட்டம் எனக் குறைகூறியோர் இருந்தனர். 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த உணவு வழங்க ஆணையிட்டது. 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதனைச் சட்ட உரிமையாக்கியது.

வரி செலுத்துவோர் யார்?

வரி என்றதும் வருமான வரியே நம் நினைவுக்கு வருகிறது. இந்திய மக்கள்தொகையில் வருமான வரியாக ஏதேனும் தொகை செலுத்துவோர் நூற்றுக்கு இரண்டு மூன்று பேரே. அப்படியாயின் எஞ்சியோர் வரி செலுத்தாதோர் என்று கொள்ளலாமா? கூடாது. நாம் கடையில் வாங்கும் பொருளின் விலைக்குள் வரி அடங்கியுள்ளது. 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியின் வசூல் 2023-24 நிதியாண்டில் 20 இலட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. இதன் சுமை இறுதியாகச் சேர்வது பொருளை வாங்கும் நுகர்வோரிடமே. சோப்புக்கும் கூந்தல் எண்ணெய்க்கும் 2017 முதல் 2025 செப்டம்பர் வரை 18 விழுக்காடு வரி இருந்தது; அதன் பின்னரே அது 5 விழுக்காடாகக் குறைந்தது. 1,000 ரூபாய்க்குட்பட்ட காலணிக்கு 2022 சனவரி முதல் 2025 செப்டம்பர் வரை 12 விழுக்காடு. ஆம்பூரின் தொழிற்சாலையில் ஐரோப்பியச் சந்தைக்காகக் காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பெண், தன் பிள்ளைக்குச் செருப்பு வாங்கியபோது இவ்வரியைச் செலுத்தியே வந்தார். இரசீதில் அது தனி வரியாக அச்சாகியிருந்தாலும் 'நான் வரி செலுத்துபவள்' என அவரும் கருதுவதில்லை, பிறரும் கருதுவதில்லை.

மேலும், இவ்வகை வரி வருமானத்தின் அளவை நோக்குவதில்லை. மாதம் 10,000 ரூபாய் ஈட்டுபவர் ஏறத்தாழ அனைத்தையும் செலவிட்டுவிடுகிறார். ஆகவே அவருடைய வருமானத்தின் பெரும்பகுதி ஏதேனும் ஒரு கடையைக் கடந்தே செல்கிறது. 2 இலட்சம் ஈட்டுபவர் ஒரு பகுதியைச் செலவிட்டு எஞ்சியதைச் சேமிக்கிறார். அச்சேமிப்பை இவ்வரி தொடுவதில்லை. வருமானத்தின் பங்காகக் கணக்கிட்டால் மறைமுக வரியின் பாரம் ஏழையின் தோளிலேயே மிகுதியாக அமர்கிறது.

இன்னொன்றும் கருதத்தக்கது. வருமான வரி விதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கு இல்லை. விளை நில வருமானம் மட்டுமே இதற்கு விலக்கு. மாநிலத்தின் சொந்த வருவாய் சரக்கு மற்றும் சேவை வரியில் மாநிலத்தின் பகுதி, பெட்ரோல், டீசல் மீதான வரி, பத்திரப் பதிவு, வாகன வரி, மது விற்பனை ஆகியவற்றிலிருந்தே பெரிதும் வருகிறது. ஒன்றிய அரசின் வரிகளில் மாநிலங்களுக்குப் பகிரப்படும் தொகையில் தமிழகத்திற்குப் பதினைந்தாவது நிதிக்குழு ஒதுக்கிய பங்கு 4.079 விழுக்காடு. ஆகவே, மாநில அரசின் நலத் திட்டங்களுக்கான நிதியில் பெரும்பகுதி கடைவீதியிலிருந்தும் எரிபொருள் நிலையத்திலிருந்தும் வருவது.

மது வருவாயைப் பற்றிச் சொல்லாமல் கடக்க இயலாது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் வசம் உள்ளது. 2023-24இல் அதன்வழி அரசுக்குக் கிட்டிய வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இதில் கூலித் தொழிலாளரின் பணம் கணிசமானது. கணவனின் கூலி மதுக்கடை வழியே கருவூலத்தைச் சேர, அதில் ஒரு சிறு பகுதி மனைவியின் வங்கிக் கணக்கிற்குத் திரும்பினால், அந்தப் பெண்ணை 'இலவசம் வாங்குபவள்' என்பது எவ்வகை நியாயம்? இங்குக் கண்டிக்கத்தக்கது வருவாய் வரும் வழியே அன்றி அவள் அல்லள்.

ஊக்கத்தொகையும் இலவசமும்

தோல் தொழில் வட்டாரத்தார் அரசின் உதவியை அறியாதவர் அல்லர். ஏற்றுமதியாளர் வழக்கில் 'டிராபேக்' எனப்படும் தீர்வை மீட்பு இங்கு நாள்தோறும் பேசப்படும் சொல். இதனை எவரும் இலவசம் என்பதில்லை. ஏற்றுமதியாளரைக் கேட்டால், 'மூலப்பொருளை வாங்கும்போது நான் செலுத்திய தீர்வையே எனக்குத் திரும்ப வருகிறது. இது சலுகையன்று' என விளக்குவார். அவ்விளக்கம் முற்றிலும் சரியானது. ஆனால் அதே விளக்கத்தை அவருடைய தொழிற்சாலையில் பணிபுரியும் பெண்ணும் தரலாமன்றோ? சோப்பிலும் செருப்பிலும் கைப்பேசிக் கட்டணத்திலும் அவர் செலுத்தியதன் ஒரு பகுதியே அரிசியாகவும் பயணச்சீட்டாகவும் அவருக்குத் திரும்புகிறது. முன்னவருக்கு அதைக் காட்டக் கணக்குப் புத்தகம் உண்டு, பின்னவருக்கு இல்லை. வேறுபாடு அவ்வளவே.

கழிவுநீர்ப் பிரச்சினையிலும் இதே நிலை. பாலாற்றுப் படுகையின் மாசு குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய இடங்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் தொழிலதிபர்களின் பங்களிப்போடு மத்திய, மாநில அரசுகளின் மானியத்தையும் கொண்டே எழுந்தன. கிணற்றை இழந்த உழவரின் நட்டமோ பல்லாண்டுகள் ஈடின்றி நின்றது. 2025 சனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டையும் பாலாற்றின் மீட்பையும் வலியுறுத்த வேண்டியிருந்தது. இத்தொழில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது; இதன் செல்வத்தால் கல்வி நிலையங்கள் எழுந்தன. இவற்றை எவரும் மறுப்பதற்கில்லை. பொதுப் பணத்திலும் பொது நீரிலும் இத்தொழிலுக்குப் பங்கு கிடைத்தது என்பதையும் அவ்வாறே மறுப்பதற்கில்லை. பெரு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். 2019 செப்டம்பரில் நிறுவன வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது அரசே மதிப்பிட்ட வருவாய் இழப்பு ஆண்டுக்கு 1 இலட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய். அது 'ஊக்குவிப்பு' எனப்பட்டது.

இவ்வட்டாரத்தின் பீடித் தொழிலாளரின் நிலை மேலும் தெளிவானது. வீட்டிலிருந்தே பீடி சுற்றுவோரில் முஸ்லிம் பெண்கள் பெருந்தொகையினர். அவர்தம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, மருத்துவம், வீட்டு வசதி ஆகியவற்றுக்காக 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி உற்பத்தியாகும் பீடியின் மீதே நல வரி தண்டப்பட்டது. 2017இல் புதிய வரி முறை வந்தபோது அந்நல வரி நீக்கப்பட்டது. உதவிகள் பொது நிதிக்கு மாறின. தன் விரல்கள் சுற்றிய பீடியிலிருந்து எடுக்கப்பட்ட பணத்தில் பிள்ளைக்கு உதவித்தொகை பெற்ற தாயை எவ்வகையில் இரப்பவள் என்பது? தொழிலாளர் ஈட்டுறுதி மருத்துவமனைக்கும் இது பொருந்தும். அங்கு வரிசையில் நிற்கும் தோல் தொழிலாளியின் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் 0.75 விழுக்காடும், அவர் பொருட்டு நிர்வாகத்திடமிருந்து 3.25 விழுக்காடும் 2019 ஜூலை முதல் பிடிக்கப்படுகின்றன. மருந்தகச் சன்னலில் அவர் நீட்டுவது காப்பீடு செய்தவரின் கை.

நம் சமூகத்தார் இதனை உணர்வதற்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பள்ளிவாசல்களுக்கு நோன்புக் கஞ்சிக்காக அரசு ஒதுக்கும் பச்சரிசியைச் சுட்டி 'எங்கள் வரிப்பணத்தில் சலுகையா?' என எவரேனும் கேட்டால் நாம் சொல்லும் விடை 'நாங்களும் வரி செலுத்துகிறோம்' என்பதே. அவ்விடை நமக்குச் சரியெனில் ஏனையோருக்கும் சரியே.

கொடையின் வரிசை

2023 பிப்ரவரி 4 அன்று வாணியம்பாடியில், தைப்பூசத்தை முன்னிட்டுத் தனியார் ஒருவர் வழங்கவிருந்த சேலைக்கான டோக்கனைப் பெறப் பெண்கள் திரண்டனர். நெரிசலில் முதிய பெண்கள் நால்வர் உயிரிழந்தனர். 2005 டிசம்பர் 18 அன்று சென்னை எம்.ஜி.ஆர். நகரில் வெள்ள நிவாரண டோக்கனுக்காகக் காத்திருந்தோரிடையே நேர்ந்த நெரிசலில் 42 பேர் மாண்டதும் நினைவுகூரத்தக்கது. முன்னது தனியார் கொடை; பின்னது அரசின் நிவாரணம். இரண்டிலும் பொதுவாக அமைந்தது ஒன்று: கிடைக்குமா, கிடைக்காதா என்னும் ஐயம். முந்தினோருக்கே கிட்டும் என்னும் அச்சமே வரிசையை நெரிசலாக்குகிறது.

தமிழகத்தின் பொது வினியோக முறை இவ்வச்சத்தைப் பெருமளவு அகற்றியது. 1997இல் மத்திய அரசு வறுமைக் கோட்டின் மேல், கீழ் எனக் குடும்பங்களைப் பிரித்தபோது தமிழகம் அப்பிரிவினையை ஏற்காமல் அனைவருக்குமான வினியோகத்தைத் தொடர்ந்தது. வசதி படைத்தோருக்கும் அரிசியா என்னும் வினா நியாயமானதே. ஆயினும் பிரிக்கும்போது தகுதியுள்ளோர் பலர் பட்டியலில் விடுபடுவது பட்டறிவு. அனைவருக்கும் உரியது என்றாகிவிட்டால் வறுமையை மெய்ப்பிக்கச் சான்றிதழ் வேண்டா, தலைகுனிவும் வேண்டா. வேண்டாதோர் பலர் தாமே வாங்காமல் ஒதுங்குகின்றனர்.

'ஹக்' என்னும் கருத்து

ஸகாத்தும் அரசு வரியும் ஒன்றல்ல. ஸகாத் வணக்கம், அதன் அளவும் அதனைப் பெறும் எட்டு வகையினரும் வரையறுக்கப்பட்டுள்ளனர். வரியோ எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான குடிமைக் கடமை. எனினும் கொடுப்போருக்கும் பெறுவோருக்கும் இடையிலான உறவை நம் மரபு எவ்வாறு கண்டது என்பது இங்குப் பயன்படும்.

திருக்குர்ஆனின் 51, 70ஆம் அத்தியாயங்கள் செல்வரின் பொருளில் கேட்போருக்கும் வறியோருக்கும் உள்ளதைக் குறிக்க 'ஹக்' என்னும் சொல்லை ஆள்கின்றன. ஹக் என்பது உரிமை. இரண்டாம் அத்தியாயம், கொடுத்ததைச் சொல்லிக்காட்டிப் பெற்றவரின் மனத்தைப் புண்படுத்தினால் அத்தருமமே வீணாகும் என எச்சரிக்கிறது. சொல்லிக்காட்டுதல் கொடையையே அழிக்கும் எனில், தாம் தனியே கொடுக்காத ஒன்றுக்காகப் பிறரைச் சொல்லிக்காட்டுவதை என்னென்பது?

ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதுக்காக இமாம் அபூ யூசுஃப் இயற்றிய 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. வாசலில் இரந்து நின்ற முதிய யூதர் ஒருவரைக் கலீஃபா உமர் (ரலி) கண்டார். முதுமையும் வறுமையும் ஜிஸ்யா வரியும் தம்மை இந்நிலைக்குக் கொணர்ந்ததாக அவர் கூறினார். அவரைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று உதவிய கலீஃபா, அவரையும் அவரை ஒத்தோரையும் கவனிக்குமாறு பைத்துல்மால் பொறுப்பாளரைப் பணித்தார். இளமையில் அவரிடம் வரி பெற்றுவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியன்று என்பதே அவர் காட்டிய காரணம். கொடுப்பவரும் பெறுபவரும் வெவ்வேறு கூட்டத்தாரல்லர். ஒருவரே வாழ்வின் இருவேறு பருவங்களில் இரண்டுமாக இருக்கிறார் என்னும் தெளிவு இதில் உள்ளது. முப்பதாண்டுகள் தோல் பதனிட்டு நுரையீரல் நலிந்தவர், 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியத்தைப் பெறும்போது நாம் நினைக்க வேண்டியது இதனையே.

உமர் (ரலி) ஆட்சியில் குழந்தைகளுக்கான உதவித்தொகை தாய்ப்பால் மறந்த பின்னரே தரப்பட்டது. ஓர் இரவு குழந்தையொன்று ஓயாது அழுவதைக் கேட்டு அவர் வினவ, உதவித்தொகைக்காக முன்கூட்டியே பாலை மறக்கடிப்பதாகத் தாய் கூறினாள். கலீஃபா அத்தாயை ஏமாற்றுக்காரி எனப் பழிக்கவில்லை. விதியை மாற்றிப் பிறந்த நாள் முதலே உதவித்தொகை என அறிவித்தார். உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கே என விதி அமைந்தபோது கூட்டுக் குடும்பங்களில் அட்டையைப் பிரிக்கும் எண்ணம் எழுவதும், ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்குள் இருக்க வேண்டும் என்றபோது வருமானத்தைக் குறைத்துக் காட்டும் எண்ணம் எழுவதும் இயல்பே. பொய்யை நாம் நியாயப்படுத்தவில்லை. மக்களின் ஒழுக்கத்தைக் குறைகூறுமுன் விதியை ஆராய வேண்டும் என்பதே அந்நிகழ்ச்சி தரும் பாடம்.

எதனைக் கேட்கலாம்?

இதனால் அரசின் செலவைக் கேள்வி கேட்கலாகாது என்பதில்லை. கேட்பது குடிமக்களின் கடமை. தொலைக்காட்சிக்குச் செலவிட்ட பணத்தில் எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களைச் செம்மைப்படுத்தியிருக்கலாம்? வருவாய் பற்றாத ஆண்டில் கடன் வாங்கி வழங்குவது வருங்காலத் தலைமுறையின் மீது சுமை ஏற்றுவதாகாதா? இவை தக்க வினாக்கள். இங்கு ஷாஃபிஈ அறிஞர்களின் ஒரு கருத்து துணை நிற்கும். தொழில் தெரிந்த ஏழைக்கு அத்தொழிலுக்கான கருவியையும், வணிகம் தெரிந்தவனுக்கு முதலையும் ஸகாத்திலிருந்து தரலாம் என இமாம் நவவீ முதலியோர் எழுதினர். வறுமையிலிருந்து அவனை வெளியேற்றுவதே நோக்கம். ஹனஃபி அறிஞர்களோ ஒருவருக்கே நிஸாப் அளவை எட்டுமாறு கொடுப்பதை விரும்பவில்லை. பலருக்கும் சேர வேண்டும் என்பது அவர்தம் கவலை. கருவியா, அன்றாடத் தேவையா, சிலருக்கு மிகுதியாகவா, பலருக்குச் சிறிதாகவா என்னும் இந்த விவாதம் இன்றைய திட்டங்களுக்கும் பொருந்தும். பள்ளி மாணவரின் மிதிவண்டியும் வண்ணத் தொலைக்காட்சியும் ஒரே தட்டில் வைத்து எடைபோடத் தக்கவை அல்ல. ஆனால் அவ்விரு மரபிலும் விவாதம் கொடுக்கும் முறையைப் பற்றியது. பெறுபவரின் மானத்தைப் பற்றியதன்று.

இவ்வட்டாரத்தின் ஜமாஅத்துகள் செய்யத்தக்க பணிகள் உள்ளன. ஓய்வூதியத்திற்கு உரிய கைம்பெண்கள், அடையாள அட்டை இல்லாத பீடித் தொழிலாளர்கள், வைப்பு நிதியைக் கோரத் தெரியாத முன்னாள் தோல் தொழிலாளர்கள் ஆகியோரின் பெயர்களை மஹல்லா தோறும் திரட்டலாம். விண்ணப்பம் எழுதத் தெரிந்த இளைஞர் இருவரை வெள்ளிதோறும் பள்ளிவாசலில் அமர்த்தலாம். ரமலானில் ஸகாத்தை வாசலில் வரிசையில் நிறுத்தி வழங்குவதை விடுத்து, பட்டியலிட்டு வீடு தேடிச் சேர்ப்பிக்கலாம். உரியவருக்கு உரியதைச் சேர்க்கும் பணியில் ஈடுபடுவோருக்கு ஸகாத் நிதியிலிருந்தே ஊதியம் தரவும் நம் மார்க்கம் இடம் வைத்துள்ளது. எட்டு வகையினருள் அவர்களும் ஒரு வகையினர்.